ரோமானியர் வார்த்த பித்தளை

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. இரண்டையும் ஒன்றாக உருக்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பண்டைய ரோமானியருக்குத் துத்தநாகம் என்ற தனி உலோகமே தெரியாது. அதன் தாதுவைக் கரியோடு உலையில் இட்டால் உலோகம் நீராக உருகி வடியாது. ஆவியாகிக் கிளம்பி, காற்றுப் பட்டதும் வெண்புகையாகப் பறந்துவிடும். துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ்தான்.

அந்த ஆவியையே அவர்கள் பிடித்து அடைத்தார்கள். செம்புத் துண்டுகள், பொடித்த துத்தநாகத் தாது, மரக்கரித் தூள் மூன்றையும் மண் மூசையில் நிரப்பி, வாயை மூடிச் சூடேற்றினார்கள். சூடு செம்பின் உருகுநிலையான 1,085 டிகிரியை எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். செம்பு திடமாக இருக்கும்போதே ஆவி அதனுள் ஊடுருவும். இந்த முறையில் ஏறக்குறைய 28 சதவீதம் வரை துத்தநாகம் ஏறும். துத்தநாகம் படிந்த இத்தகைய மூசைகள் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கிடைத்திருக்கின்றன.

பொன்னிறம் கொண்ட இந்த உலோகத்தைப் பேரரசர் அகஸ்டஸ், கி.மு. 23 வாக்கில் செய்த நாணயச் சீர்திருத்தத்தில் பயன்படுத்தினார். செஸ்டர்ஷியஸ், டுபோண்டியஸ் என்ற காசுகள் இரண்டும் பித்தளை. ஆஸ் என்ற காசு செம்பு. டுபோண்டியஸும் ஆஸும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மஞ்சள் காசுக்கு இரட்டை மதிப்பு.

பிற்காலத்தில் பழைய பித்தளையை வெண்கலத்தோடு சேர்த்து உருக்கிக் காசு அடித்ததால், நாணயங்களில் துத்தநாகத்தின் பங்கு படிப்படியாகக் குறைந்தது.