கணவாய்க் காற்றும் சைக்கிள் தலைக்கவசமும்

தபதி ஆற்றங்கரையிலிருந்து குமரிமுனை வரையில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மட்டும் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து, அரபிக்கடல் காற்று கொங்குநாட்டுக்குள் புகுவதற்கு வழிவிட்டிருக்கிறது. ஆனி பிறந்து ஆவணி கழியும் வரையில் பாலக்காட்டுக் கணவாயில் மேல்காற்று எப்படி வீசும் என்பதை அங்கே குடியிருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1995-ஆம் ஆண்டிலேயே காற்றாலைகளை நிறுவியது இந்த விசேஷத்தை உத்தேசித்துத்தான். தெற்கே, இடுக்கியின் எல்லையில் தேனிச் சமவெளியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கே நிற்பவர் தலையில் தொப்பி தங்குவது அபூர்வம்.

வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை ஒரு பக்கமும், மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி மற்றொரு பக்கமுமாகத் தமிழ் பேசும் ஜனங்கள் வாழும் இந்த எல்லைப் பிரதேசங்களின் சாலைகளில், மெல்லிய சக்கரச் சைக்கிள்களின் மேல் குனிந்து விரைகிறவர்களை விடியற்காலை வேளைகளில் இப்போது சகஜமாகக் காணலாம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையுள்ள ‘பிரெவே’ பிரயாணங்களுக்குப் பழகுகிறவர்கள் சிலர். 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ போன்ற மலைச் சவாரிகளை மனத்தில் வைத்திருப்பவர்கள் சிலர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் ஒரே மூச்சில் செய்து முடிக்கும் டிரையத்லான் என்னும் கடும் போட்டியில் மோகம் கொண்டவர்கள் இன்னும் சிலர். கோவாவில் 2019-இல் முதன்முதலாக நடந்த ‘அயர்ன்மேன் 70.3’ பந்தயம், 1.9 கிலோமீட்டர் கடல்நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்னும் அளவுடையது. அதற்குப் பிறகு இந்த மோகம் தென்னாட்டிலும் பரவிவிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: சாதாரண ஹெல்மெட்டைப் போலப் பன்மடங்கு விலையுள்ள ‘ஏரோ ஹெல்மெட்’ என்னும் காற்றுவடிவத் தலைக்கவசத்தை வாங்குவதால் நமக்குப் பிரயோஜனம் உண்டா?

கேள்விக்கு விடை சொல்லுமுன் காற்றின் சுபாவத்தைச் சிறிது ஆராய வேண்டும். சமவெளியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. சைக்கிளில் போகிறவன் ஒவ்வொரு விநாடியும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பதார்த்தத்தைப் பல கன மீட்டர் கணக்கில் விலக்கிக்கொண்டுதான் போகிறான். அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. எதிர்ப்பை வெல்லச் செலவாகும் சக்தியோ, காற்றில்லாத வேளையில், வேகத்தின் கனமாகப் பெருகுகிறது. கைப்பிடியைத் தாழப் பிடித்து ஓட்டும் நடுத்தர ஆகிருதியுள்ள ஒருவனுக்குக் கணக்கிட்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய கப்பம் சுமார் 33 வாட். 30 கிலோமீட்டரில் அது 110 வாட். 40 கிலோமீட்டரில் 260 வாட்டைத் தாண்டிவிடுகிறது.

இப்போது அதே மனிதனை ஆடி மாதத்தில் வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்கு மேற்கு நோக்கி அனுப்பி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று நேர் எதிரே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் தன் 30 கிலோமீட்டர் வேகத்தைக் கைவிடாதிருக்க வேண்டுமானால் 110 வாட்டுக்குப் பதிலாக 300 வாட்டுக்கு மேல் செலவிட வேண்டும். பயிற்சியில்லாதவர்களால் அது பத்து நிமிஷம்கூடத் தாங்கக்கூடிய காரியமன்று. பாலக்காட்டில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பும்போது, அதே காற்று முதுகில் இருக்க, அதே வேகத்துக்குக் காற்றின் பொருட்டு அவன் செலவிடுவது 12 வாட் மாத்திரமே. போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்; அது பொய்க் கணக்கு. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதிலேயே அதிக நேரம் அகப்பட்டுக்கொள்கிறோம்; பின்காற்றின் உபகாரமோ சீக்கிரம் முடிந்துபோகிறது.

இந்த எதிர்ப்பில் பெரும்பங்கு சவாரி செய்பவனுடைய உடம்பினால் விளைவதே ஆகும். தலையின் பங்கு சிறிது. நல்ல காற்றுவடிவத் தலைக்கவசம் மொத்த எதிர்ப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் குறைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் மிச்சமாவது 5 வாட். 20 கிலோமீட்டரில் ஒரு வாட்டுக்கும் குறைவு. ஆனால் கணவாயின் எதிர்க்காற்றில் வெறும் 30 கிலோமீட்டரில் போகிறவனுக்கும் 6 வாட் மிச்சமாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வேகமானி காட்டும் வேகத்தைக் காற்று பொருட்படுத்துவதில்லை. முகத்தில் மோதும் வேகமே அதற்குக் கணக்கு. ஆகவே, மிக விரைந்து ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே இந்தக் கவசம் உதவும் என்ற பொதுவான அபிப்பிராயம் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்குப் பொருந்தாது.

வடிவத்தில் என்ன சூட்சுமம் இருக்கிறது? உருண்டையான பொருள் ஒன்று காற்றில் விரையும்போது, முன்புறத்தில் அதைத் தழுவி ஓடும் காற்று பின்புறம் வரையில் தழுவிக்கொண்டிருக்க முடியாமல் பாதியிலேயே பிரிந்து, பின்னால் சுழல்கள் நிறைந்த அழுத்தக் குறைவான ஒரு பகுதியை உண்டாக்கிவிடுகிறது. முன்னே அழுத்தம் அதிகம், பின்னே குறைவு; இந்த வித்தியாசமே பொருளைப் பின்னுக்கு இழுக்கிறது. முன்புறம் பருத்துப் பின்புறம் மெல்ல மெல்லக் குறுகும் விரால் மீனின் உடலைப் போன்ற வடிவமானால் காற்று கடைசிவரை ஒட்டிக்கொண்டு வந்து சச்சரவின்றிப் பிரியும். ஒரே குறுக்களவுள்ள உருண்டைக்கும் அத்தகைய வடிவத்துக்கும் காற்றெதிர்ப்பில் ஏறத்தாழப் பத்து மடங்கு வித்தியாசம் உண்டு. பந்தயக்காரர்கள் அணியும் தலைக்கவசங்களில் பின்னே நீண்ட வால் வைத்திருப்பது தலைக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பி, காற்றை முதுகின்மேல் வழுக்கி ஓடச் செய்வதற்காகவே.

இதன் மகிமையை உலகம் கண்டுகொண்ட தினம் 1989 ஜூலை 23. அன்று ‘டூர் த பிரான்ஸ்’ பெரும்பந்தயத்தின் கடைசிக் கட்டம்; வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தூரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்துக்கு எதிராக ஓட்ட வேண்டும். 50 விநாடி முன்னணியில் இருந்த பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபீன்யோன் வெறுந்தலையோடு, பின்குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், டிரையத்லான்காரர்களிடமிருந்து வந்த நீட்டுக் கைப்பிடியையும் வாலுள்ள தலைக்கவசத்தையும் துணைக்கொண்டு, மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டி, அன்றைய ஓட்டத்தில் 58 விநாடி முந்தினார். மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார்! புகழ் முழுவதையும் தலைக்கவசத்துக்கே கொடுப்பது நியாயமன்று. உடம்பை ஒடுக்கி வைத்த அந்தக் கைப்பிடிக்கே அதில் பெரும்பங்கு உண்டென்று நான் நினைக்கிறேன். ஆனாலும் 8 விநாடி வித்தியாசத்தில் ஒரு குடுமியும் கணக்கில் வரும் அல்லவா?

வால் நீண்ட கவசத்துக்கு ஒரு தோஷம் உண்டு. ஓட்டுபவன் தலையை அசைக்காமல், பார்வையை முன்னே நிறுத்தி, வாலை முதுகோடு ஒட்ட வைத்திருக்கும் வரையில்தான் அது உபகாரம் செய்யும். களைத்துப்போய்த் தலையைக் கவிழ்த்தால் வால் மேலே கிளம்பி, தானே ஒரு தடையாகிவிடுகிறது. பக்கக்காற்று வேறு சோதனை. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோட்டுக்கு வடக்கு தெற்காகப் போகும் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவன்மேல் 20 கிலோமீட்டர் வேகமுள்ள மேல்காற்று பக்கவாட்டில் மோதினால், காற்று அவனை நேராக அல்லாமல் 33 பாகைக்கு மேல் சாய்ந்து தாக்குகிறது. நேர் முன்னிருந்து வரும் காற்றுக்கென்று செதுக்கிய வடிவம் அந்தக் கோணத்தில் தன் குணத்தைக் காட்டாது, கழுத்தையும் திருகும். இதனாலேயே இக்காலத்து டிரையத்லான் கவசங்கள் பலவற்றில் வால் குறுகிவிட்டது.

சாலைப் பந்தயக்காரர்கள் வெகுகாலம் வரையில் துவாரங்கள் நிறைந்த கவசங்களையே விரும்பினார்கள். 2011-இல் கோபன்ஹேகனில் உலகப் பட்டம் வென்ற மார்க் கேவண்டிஷ், துவாரங்களை மெல்லிய மூடியால் அடைத்த ஹெல்மெட்டோடு ஓட்டியது பலர் கண்ணைத் திறந்தது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில், வாலின்றி, வழவழப்பான மேற்புறமும் முன்னே சில பெரிய துவாரங்களும் கொண்ட ‘சாலை ஏரோ’ ரகம் கடைக்கு வந்துவிட்டது. முன் துவாரத்தில் நுழையும் காற்று உள்ளே வெட்டிய வாய்க்கால்களின் வழியே தலையைக் குளிர்வித்துக்கொண்டு பின்னே வெளியேறும்படி செய்திருப்பது இதன் சாமர்த்தியம். எடை சுமார் 250 முதல் 300 கிராம்.

பங்குனி, சித்திரை மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 பாகையை எட்டும். முகத்தை மறைக்கும் கண்ணாடியும் காதை மூடும் சிறகுகளும் உடைய பந்தயக் கவசத்தை அணிந்து அந்த வெயிலில் 90 கிலோமீட்டர் ஓட்டினால், மிச்சம் பிடித்த ஐந்தாறு வாட்டையும் வியர்வையாகவே செலவழிக்க நேரும். நடுவழியில் தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டுமென்றாலும் துவாரம் வேண்டும். சைக்கிள் ஓட்டம் முடிந்ததும் ஓட வேண்டியிருக்கும் டிரையத்லான்காரர் இதை முக்கியமாக யோசிக்க வேண்டும். சூடேறிய தலையோடு 21 கிலோமீட்டர் ஓடுவது தண்டனை. காது மூடுவதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. வாளையார் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் சப்தம் காதில் விழாதபடி செய்யும் எந்தச் சாதனமும், அது எத்தனை விநாடி மிச்சம் பிடித்தாலும், என் கண்ணுக்கு ஹெல்மெட் ஆகாது.

இடுக்கிச் சாலைகளின் நியாயம் வேறு. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறுகிறவன் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறான். அங்கே அவனுடைய சத்துரு பூமியின் ஈர்ப்பே அன்றிக் காற்றல்ல. நல்ல காற்றோட்டமுள்ள, எடை குறைந்த சாதாரண ஹெல்மெட்டே ஏற்றத்துக்கு உத்தமம். இறங்கும்போது வேகம் அறுபதைத் தொடலாம். ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து அந்த வேகத்தை நாமே அழித்துவிடுவதால், காற்றுவடிவத்தால் விளையும் ஆதாயத்துக்கு அங்கே அர்த்தமில்லை. மூடுபனியும் ஈரமும் உள்ள வளைவில் சக்கரம் வழுக்கினால் மண்டையைக் காப்பாற்றுமா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

மண்டையைக் காப்பாற்றுவது மேலுள்ள பளபளப்பான ஓடன்று; உள்ளே இருக்கும், நாம் தெர்மாகோல் என்று சொல்லும் நுரைப்பொருள். மோதும்போது அது நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சில மில்லி விநாடிகள் நீட்டித்து, அதிர்ச்சியைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஐரோப்பிய ‘இ.என். 1078’ விதிப்படி, தட்டையான இரும்பின்மேல் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் மோதவைத்துச் சோதிக்கிறார்கள். அமெரிக்கச் சோதனையில் உயரம் இரண்டு மீட்டர். சாய்வாக விழும்போது மூளை சுழன்று அடிபடுவதைத் தணிக்க, சுவீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து உருவாக்கிய ‘மிப்ஸ்’ என்னும் வழுக்கும் உட்படலம் இப்போது பல ஹெல்மெட்டுகளில் இருக்கிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிள்காரர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. மிதிவண்டிக்காரரை ஹெல்மெட் அணியச் சொல்லிப் போலீஸார் நிறுத்தப்போவதில்லை. ஆகவே தரமுத்திரையைப் பார்த்து வாங்கும் பொறுப்பு வாங்குகிறவருடையதே.

கடைக்குப் போகுமுன் புருவத்துக்கு மேலே தலையின் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அளவு சரியாயிருந்தாலும் நீளமண்டைக்கு வார்த்த ஹெல்மெட் வட்டமண்டையில் பொட்டுப் பகுதியை அழுத்துவதுண்டு; ஆகையால் போட்டுப் பாராமல் வாங்காதீர்கள். வாரைப் பூட்டாமல், பின்திருகியை மாத்திரம் இறுக்கிக்கொண்டு தலையைக் குலுக்கினால் நகரக் கூடாது. முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடையில் நிற்க வேண்டும். டிரையத்லானில் ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம், திரும்பி வந்து சைக்கிளை நிறுத்திய பிறகுதான் அவிழ்க்கலாம் என்பது விதி. ஈரக் கையால் ஒரே முயற்சியில் பூட்ட வருகிறதா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள்.

கணவாய்ப் பக்கத்துக்காரர் ஒரே ஒரு ஹெல்மெட்தான் வாங்க முடியுமென்றால், காது திறந்த, முன்துவாரமுள்ள சாலை ஏரோ ரகத்தை வாங்கலாம். சாலைக்கும் டிரையத்லானுக்கும் அதுவே போதும். மூணாறு, குமுளிக்காரர் அந்தப் பணத்தை நல்ல பிரேக் கட்டைகளுக்கும் டயர்களுக்கும் செலவிடுவது மேல். இருவருமே, ஒருமுறை கீழே விழுந்தபோது அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மறுநாள் அணியாதீர்கள்; புதிது வாங்குங்கள்.