கோபுரத்தின் அலையும் கண்ணின் நலமும்

ஊருக்கு ஊர் அலைபேசிக் கோபுரங்கள் உயர்ந்துவிட்ட இந்நாளில், அவற்றின் அலைகள் கண்ணொளியைக் கெடுக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஐயத்தை வதந்தியால் வளர்க்காமல் அறிவால் தீர்த்துக்கொள்வதே முறை.

ஒன்று முதல் பத்து மில்லிமீட்டர் வரை நீளமுள்ள வானொலி அலைகளே மில்லிமீட்டர் அலைகள். இவை நேற்று முளைத்தவை அல்ல. 1890களிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். வெளிநாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளைச் சோதிக்கும் கூண்டுகளும் இவற்றாலேயே இயங்குகின்றன. 2022ஆம் ஆண்டு அலைக்கற்றை ஏலத்தில், இவ்வகையில் சேர்த்து எண்ணப்படும் 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் விற்கப்பட்டது. எனினும் கைபேசிச் சேவைக்குப் பெரிதும் பயன்படுவன, ஏறத்தாழ 9 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீண்ட அலைகளே.

மில்லிமீட்டர் அலைகள் உடலின் மேற்பரப்பிலேயே அடங்கிவிடுகின்றன. கண்ணில் அவற்றை ஏற்பது, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள கருவிழிப் படலம். வெப்பத்தை அள்ளிச் செல்ல அங்கே இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவேதான் ஆய்வாளர் கண்ணைத் தனியே கருதுகின்றனர். முயல்களின் கண்களில் மிகு செறிவுடன் இவ்வலைகளைப் பாய்ச்சியபோது அப்படலம் சூட்டினால் புண்பட்டது. தெருவில் நம்மை வந்தடையும் அளவோ அதற்கு வெகு கீழானது. 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்கு, 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் சதுர மீட்டருக்கு 1 வாட் என்பதே உச்ச வரம்பு. இது பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு. கோபுரத்தின் மீதேறி, இயங்கும் ஆண்டெனாவின் முன்னே பணி புரிவோர்தாம் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் கண்ணின் மெய்யான பகைகள் யாவை? கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் நாள்தோறும் வெயிலில் நிற்போரின் கண்ணை வருத்துவது கதிரவனின் புற ஊதாக் கதிர். பட்டறையில் வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் நோக்குவது கருவிழியைச் சுட்டுவிடும். புகைப்பழக்கம் கண்புரையை விரைவுபடுத்தும். இவையனைத்தினும் கொடிது, சர்க்கரை நோய். அது வலியின்றி விழித்திரையை அரிக்கும். புரையினால் மங்கிய பார்வையை அறுவையால் மீட்கலாம். விழித்திரை சிதைந்து போன பார்வை பெரும்பாலும் மீளாது.

1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, 1985 முதல் தேனியிலேயே உள்ளது. சர்க்கரை நோயுள்ள அத்தாவையும் அம்மாவையும், பார்வை தெளிவாக இருப்பினும், ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வயலுக்குச் செல்வோர்க்கு அகன்ற தொப்பியும், பட்டறையில் உழைப்போர்க்குக் காப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

கோபுரத்தைப் பழித்துக் கொண்டிருக்கும் காலத்தில், சர்க்கரை நம் பெரியோரின் கண்ணொளியைக் கவர்ந்து சென்றுவிடலாகாது.