டை ராடில் ஒட்டுவேலை வேண்டாம்

நாற்றுக்கட்டு ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரைமேல் வந்துகொண்டிருந்தது சித்தப்பாவின் டிராக்டர். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த வண்டி. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வலப்பக்கச் சக்கரம் வெளியே திரும்பிக்கொண்டது, இடப்பக்கச் சக்கரம் நேராகவே நின்றது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் சுற்றியும் வண்டி கேட்கவில்லை. சரிந்துபோய் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. மட்கார்டில் உட்கார்ந்து வந்த நடவுக்கார அக்காவுக்குக் கை முறிந்தது. கரை இன்னும் இரண்டடி உயரமாக இருந்திருந்தால் வண்டி குப்புறப் புரண்டிருக்கும்.

அறுந்தது டை ராடு. இரண்டு மாதத்துக்கு முன் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கியது. "ஒரிஜினலை விடக் கெட்டியா இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பில் கிடையாது.

டை ராடு என்பது இரண்டு முன்சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பும் கம்பி. இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட் இருக்கும். சில பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் தனித்தனி டிராக் லிங்க் இருக்கும், வேலை ஒன்றுதான். வரப்பில் ஏறும்போதும், கட்டி நிலத்தில் திருப்பும்போதும் இந்தக் கம்பி ஒரு நொடி இழுபடுகிறது, மறுநொடி அமுங்குகிறது. ஒரு நாள் உழவில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். என்ஜின் நின்றால் வண்டி நிற்கும். பிரேக் போனாலும் கியரில் இழுத்து ஓரளவு சமாளிக்கலாம். டை ராடு அறுந்தால் ஓட்டுநர் கையில் இருப்பது வெறும் வட்டக் கம்பி.

பட்டறையில் இதை மூன்று விதமாகச் செய்கிறார்கள். அறுந்த இடத்தைச் சேர்த்து வெல்டிங் அடிப்பது முதல் விதம். ஜிஐ பைப்பிலோ கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியிலோ புதுத் தண்டு வெட்டி, பழைய பால் ஜாயிண்டின் தலையை அதில் பற்றவைப்பது இரண்டாவது. லேத்தில் கம்பியைக் கடைந்து மரை போட்டு முழுசாகச் செய்வது மூன்றாவது. இதில் எதையும் ஏமாற்றும் எண்ணத்தோடு அவர்கள் செய்வதில்லை. கலப்பைக்கும் டிரெய்லர் கொக்கிக்கும் அதே கைதான் வெல்டிங் வைக்கிறது, அது வருஷக்கணக்கில் தாங்கவும் செய்கிறது. அந்த நம்பிக்கையை ஸ்டியரிங்குக்கும் கொண்டுபோவதில்தான் ஆபத்து.

பால் ஜாயிண்டின் குண்டும் தண்டும் காய்ச்சி அடித்துச் செய்த உறுதியான எஃகு. அளவாகச் சூடேற்றி, அளவாகக் குளிரவைத்து அதற்கு வலு ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் சூடு பட்டதும் அந்தப் பக்குவம் கெட்டுப்போகிறது. பற்றின இடத்தை ஒட்டியுள்ள எஃகு, வேகமாக ஆறும்போது கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் கிரீஸும் பிளாஸ்டிக் கிண்ணமும் உருகிவிடும். வெளியில் பார்த்தால் வெல்டிங் தடிப்பாக, அழகாகத்தான் இருக்கும். விரிசல் அந்தத் தடிப்பின் விளிம்பில், முடி அளவில் தொடங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒருநாள் மிச்சமிருக்கும் இரும்பால் தாங்க முடியாமல் போகும். அதனால்தான் பற்றவைத்த ராடு அன்றைக்கே அறுவதில்லை. இரண்டு மாதம் ஓடி, நமக்குப் பயமெல்லாம் தெளிந்த பிறகு அறுகிறது.

மரையிலும் விஷயம் இருக்கிறது. பல வண்டிகளில் ஒரு முனை வலது மரையாகவும் மறுமுனை இடது மரையாகவும் இருக்கும். நடுத்தண்டைத் திருகினால் இரண்டு முனையும் சேர்ந்து நீளும், சேர்ந்து குறுகும். சக்கரங்களின் நேர் அப்படித்தான் சரிசெய்யப்படுகிறது. இடது மரை போடும் சாமான் இல்லாத பட்டறையில் இரண்டு பக்கமும் வலது மரை போட்டுவிடுகிறார்கள். லாக் நட் தளர்ந்தால் நடுத்தண்டு ஒரு முனையிலிருந்து தானாகக் கழன்றுகொண்டு வரலாம். இன்னொன்று, ஸ்டியரிங் ஆர்மில் உட்காரும் தண்டு கூம்பு வடிவம். கூம்பின் அளவு பொருந்தாத ஜாயிண்டை வாங்கி, வாஷர் அடுக்கி முடுக்கினால் தண்டு ஆடி ஆடி கழுத்தில் முறியும். காட்டர் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பி முறுக்கியிருப்பதை நான் எண்ணற்ற வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இந்தச் சின்னப் பின்னுக்குச் செலவாகும் காசு ஒரு டீக்குக்கூட வராது.

அமெரிக்காவில் பழைய கப் கேடட், வீல் ஹார்ஸ் மாதிரியான தோட்ட டிராக்டர்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. உதிரிபாகம் கிடைக்காமல் அவர்களும் மரைக்கம்பியும் இரும்புக்கண் ஜாயிண்டும் வாங்கி டை ராடு செய்துகொள்கிறார்கள். அந்தச் சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் வீட்டுப் புல்வெளிதான் எல்லை. நம் டிராக்டர் வயலைவிட்டு ஏறினால் பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகும் ரோடு.

சட்டம் இதை மிகத் தெளிவாகவே பேசுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளிதான் 30 டிகிரி. அதே விதி, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டுக்கம்பி அந்தப் பூட்டு ஆகாது. குறை தெரிந்தோ, சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-இன்படி 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயம் பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-இன் கீழ் 5 ஆண்டு வரை சிறை உண்டு. "பட்டறைக்காரர் செய்தது" என்று சொல்லி ஓட்டியவர் கைகழுவ முடியாது.

அடிபட்டவர் பக்கம் வருவோம். ரோட்டில் போன ஒருவருக்கு உங்கள் டிராக்டரால் காயமென்றால், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அவருக்கு ஈடு தரும். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏறினால் அந்தத் தொகை முழுவதும் உங்கள் நிலத்தின் தலையில் விழும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அடிபட்டவர் தாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே பிரிவு 164-இன் கீழ் இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கவும் வழி இருக்கிறது.

மட்கார்டில் உட்கார்ந்தவர் கதை வேறு. டிராக்டருக்கு ஒரே ஒரு சீட், அது ஓட்டுநருக்கு. மட்கார்டில் வந்தவருக்கு ஈடு தரும் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். பல வழக்குகளில் அது ஜெயித்தும் இருக்கிறது. அப்போது உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். கூலிக்கு வந்த பெண்களை "ஏறிக்க அக்கா" என்று நாம் அன்பாகத்தான் கூப்பிடுகிறோம். காப்பீடு இல்லாத இடத்தில் அவர்களை உட்காரவைக்கிறோம் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. வேலை நேரத்தில் அடிபட்டவராக இருந்தால் அவருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது: டிராக்டர் கொண்டு நடக்கும் விவசாய வேலை, தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையிலேயே இடம்பெற்றது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

இனி ராடு வாங்கி ஏமாந்தவருக்கு. விவசாயி நுகர்வோரா என்ற சந்தேகமே வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கிய பொருள், வணிக நோக்கம் என்ற கணக்கில் வராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது. விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு பொருளையோ அதன் பாகத்தையோ செய்து தருபவர் இந்தச் சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளர். லேத் பட்டறையானாலும் குறைபாட்டுக்கு அவர் பொறுப்பு. பழுது பார்த்தவர் சேவைக் குறைபாட்டுக்குப் பொறுப்பு. பெயர்பெற்ற கம்பெனியின் அட்டைப்பெட்டியில் போலி ஜாயிண்டை வைத்து விற்றவருக்குத் தண்டனையும் உண்டு. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே பில் கேட்பது பட்டறைக்காரரைச் சந்தேகப்படுவது ஆகாது.

1915-க்கு போன் செய்து முதலில் ஆலோசனை கேட்கலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்று: வண்டியை நீங்களே மாற்றி அமைத்திருந்தால் அதை விற்றவர் மேல் வழக்குப் போட முடியாது. வெல்டிங் வைக்கச் சொன்னது நீங்கள்தான் என்றால் பட்டறைக்காரர் அதையும் சொல்வார். "வேற கிடைக்கல, எப்படியாவது ஒட்டிக் கொடு" என்று நாம் கெஞ்சியதும் இந்தக் கதையில் பாதி. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

உண்மையாகவே கிடைக்காத மாடல்கள் இருக்கின்றன. அப்போதும் வழி இருக்கிறது. பழைய ஜாயிண்டைக் கழற்றி, மரையின் விட்டம், மரை இடைவெளி, கூம்பின் இரு முனை அளவு, மொத்த நீளம் நான்கையும் குறித்துக்கொண்டு மாவட்டத் தலைநகரின் டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். வேறு கம்பெனி ஜாயிண்ட் அப்படியே பொருந்துவது அபூர்வம் இல்லை. இரண்டு முனையும் வண்டிக்கென்றே செய்தவையாகக் கிடைத்து நடுத்தண்டு மட்டும் கிடைக்கவில்லையென்றால், கனமான சீம்லெஸ் பைப்பில் லேத்தில் மரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் பொட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மரையின் விட்டத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமாவது மரை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பாகம் வரும்வரை உழவு காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி மூலம் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் செலவிடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டட்டும், இன்னொருவர் குனிந்து ஜாயிண்டைப் பார்க்கட்டும். குண்டு கிண்ணத்துக்குள் மேலும் கீழும் துள்ளினாலோ ரப்பர் கிழிந்திருந்தாலோ அந்த ஜாயிண்டின் காலம் முடிந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டை கொடுத்து, சக்கரத்தின் இரு பக்கத்தையும் பிடித்து உலுக்கினால் கிங் பின் ஆட்டமும் தெரிந்துவிடும்.

அறுந்துபோனால் அந்தத் துண்டைப் பட்டறையில் திருப்பிக் கொடுக்காதீர்கள், துடைக்காதீர்கள். அறுந்த முகத்தை அப்படியே போட்டோ எடுத்து, எண்ணெய் தடவாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஆணையம் அதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப முடியும். சித்தப்பா வீட்டில் இருக்கும் துண்டை நான் பார்த்தேன். அறுந்த முகத்தில் முக்கால் பங்கு துருவேறிக் கறுத்துக் கிடந்தது. அன்றைக்குப் புதிதாக அறுந்தது கால் பங்குதான்; அது மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. மிச்சமெல்லாம் பல வாரமாக விரிந்துகொண்டே இருந்திருக்கிறது, அந்த அக்கா தினமும் அதே மட்கார்டில் வந்துபோன வாரங்களில்.