சிறிய வீடியோ கேமராவும் அதற்கு ஏற்ற துணைக்கருவிகளும்

முன்னுரை

ஏட்டிலும் தாளிலும் எழுதப்பெற்றவை மட்டுமே இலக்கியம் அல்ல. வாய்மொழியாக வழங்கிவரும் தாலாட்டும், ஒப்பாரியும், கும்மிப் பாட்டும், கதைப்பாடலும் நம் மொழியின் செல்வங்களே ஆகும். இவற்றுள் பல இன்று முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. அவர்தம் குரலையும், பாடும்போது எழும் கையசைவையும், முகக்குறிப்பையும் ஒருங்கே பதிந்து வைக்க வல்லது வீடியோ கேமரா. ஆதலின் கள ஆய்வு மேற்கொள்ளும் தமிழ் மாணவர்க்கு இக்கருவி பற்றிய அறிவு வேண்டப்படுவதாயிற்று.

தொழில்முறைத் தரமுடைய கேமரா என்றாலே தோளில் சுமக்கும் பெருங்கருவி என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2003-ஆம் ஆண்டில் சோனி, ஜேவிசி, கேனான், ஷார்ப் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி எச்.டி.வி. எனும் பதிவுமுறையை அறிவித்தன. சிறிய நாடாவிலேயே உயர்தெளிவுப் படத்தைப் பதிய அது வழிகோலியது. 2006-ஆம் ஆண்டில் சோனியும் பானசோனிக்கும் ஏ.வி.சி.எச்.டி. எனும் முறையைக் கொணர்ந்தன. அதன்பின் நாடாவின் இடத்தை நினைவக அட்டை பெறலாயிற்று. இவற்றின் பயனாகத் தொழில்முறைக் கருவி ஒரு கையில் அடங்கும் அளவினதாயிற்று. 2011-ஆம் ஆண்டில் கேனான் வெளியிட்ட எக்ஸ்.ஏ.10 இதற்குத் தக்க சான்று. பத்து மடங்கு உருப்பெருக்கும் ஜூம் வில்லை, இரண்டு நினைவக அட்டைகளுக்கான இடம், தொழில்முறை மைக்குகளைப் பொருத்தும் இரண்டு எக்ஸ்.எல்.ஆர். வாயில்கள் ஆகியவை அதில் அமைந்திருந்தன. அக்கருவி இன்று புதிதாக விற்கப்படுவதில்லை எனினும், அதன் அமைப்பைப் பின்வந்த சிறு கேமராக்களிலும் காணலாம். இத்தகைய கேமராவுக்குரிய துணைக்கருவிகளைத் தெரிந்தெடுக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறை அறிந்து துணை தேடல்

கடையில் துணைக்கருவிகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. எதனை வாங்குவது, எதனை விடுவது என்னும் மயக்கம் யாருக்கும் எழும். இம்மயக்கம் தீர ஓர் அடிப்படையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சிறு கேமராவின் நிறையும் குறையும் ஒரே இடத்திலிருந்து தோன்றுகின்றன. அவ்விடம் அதன் உருவச் சிறுமையே ஆகும். எடை குறைவாதலின் எங்கும் கொண்டு செல்லலாம். அவ்வெடைக் குறைவினாலேயே படம் நடுங்குகிறது. மைக் உடலோடு ஒட்டியிருத்தலின் எளிதாகிறது. அதனாலேயே பேசுவோரிடமிருந்து அது தொலைவில் நிற்கிறது. மின்கலம் சிறிதாதலின் சுமை குறைகிறது; விரைவில் தீர்ந்தும் போகிறது. ஒளியை ஏற்கும் உணரி சிறிதாதலின் மங்கிய ஒளியில் படம் புள்ளி படர்ந்து தோன்றுகிறது. ஒவ்வொரு துணைக்கருவியும் இக்குறைகளுள் ஒன்றை நீக்க வந்ததாக இருத்தல் வேண்டும். எந்தக் குறையை நீக்குகிறது என்று கேட்டால் விடை கூற இயலாத பொருள், எத்துணை அழகியதாயினும் வேண்டாததே ஆகும்.

ஒலிவாங்கி

முதலில் கவனிக்கத்தக்கது ஒலி. படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுத்துக் கொள்வர். சொல் விளங்காவிடில் அப்பதிவால் பயனில்லை. வாய்மொழி இலக்கியத்தைப் பதிவோர்க்கு இது மேலும் பொருந்தும். ஓர் எழுத்துத் தெளிவாகக் கேளாவிடினும் பாடம் திரிந்துவிடும் அன்றோ?

திறந்த வெளியில், ஒலி எழும் இடத்திற்கும் மைக்கிற்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியல் விதி. பாடுபவரிடமிருந்து அரை மீட்டரில் மைக்கை வைப்பதற்கும், 4 மீட்டருக்கு அப்பால் நிற்கும் கேமராவில் உள்ள மைக்கை நம்புவதற்கும் இடையே மூன்று இரட்டிப்புகள் உள்ளன. அஃதாவது 18 டெசிபல் வேறுபாடு. குரல் இவ்வாறு குறையும்போது மின்விசிறியின் இரைச்சலும், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் குறைவதில்லை. எனவே விலையுயர்ந்த மைக்கைத் தொலைவில் வைப்பதைக் காட்டிலும் எளிய மைக்கை அருகில் வைப்பதே மேல்.

ஒருவர் மட்டும் பேசும் நேர்காணலுக்குச் சட்டையில் செருகும் காலர் மைக் ஏற்றது. பலர் அமர்ந்து பாடும்போது, ஒரு திசையின் ஒலியை மிகுதியாக ஏற்கும் நீண்ட ஷாட்கன் மைக்கைக் கோலில் பொருத்தி அருகே நீட்டுதல் நலம். வெளியிடத்தில் காற்று மோதும் ஒலியைத் தடுக்க மயிரடர்ந்த உறை ஒன்றும் வேண்டும். கம்பியில்லா மைக் வசதியானதே. ஆயினும் அதன் மின்கலம் தீர்தலும், பிற அலைகள் குறுக்கிடுதலும் உண்டு. பேசுபவர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பின் கம்பியுள்ள மைக்கே நம்பத்தக்கது.

எக்ஸ்.எல்.ஆர். வாயிலின் சிறப்பை ஈண்டு அறிதல் தகும். அக்கம்பியினுள் ஒரே ஒலிக்குறி நேராகவும் தலைகீழாகவும் இரு இழைகளில் செல்கிறது, மூன்றாவது காப்பிழை. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் படிகிறது. முடிவில் இரண்டின் வேறுபாட்டை மட்டும் கருவி எடுத்துக்கொள்வதால் இரைச்சல் நீங்கிக் குரல் எஞ்சுகிறது. ஆதலின் கம்பி நீளமாயினும் ஒலி பெரிதும் கெடுவதில்லை. கண்டென்சர் வகை மைக்குகளுட் பல இயங்கக் கேமராவிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செல்ல வேண்டும். டைனமிக் வகைக்கு அது வேண்டுவதில்லை. வாங்குமுன் இவ்வேறுபாட்டைக் கேட்டறிக.

மைக்கோடு ஹெட்ஃபோனையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். காதை முழுதும் மூடுவதாக அது இருத்தல் நன்று. படம் சரியில்லை என்பதைக் கண் காட்டிவிடும். ஒலி சரியில்லை என்பதைக் காதில் கேட்டாலன்றி அறிய இயலாது.

முக்காலித் தாங்கி

டிரைபாட் என வழங்கும் தாங்கி அடுத்து வருவது. ஒளிப்படக்காரர் பயன்படுத்தும் தாங்கியும் வீடியோவுக்குரிய தாங்கியும் ஒன்றல்ல. முன்னது கேமராவை அசையாது நிறுத்தினால் போதும். பின்னது கேமரா அசையும்போதும் சீராக அசையச் செய்தல் வேண்டும். இதன் பொருட்டு ஃபுளூயிட் ஹெட் என்னும் தலைப்பகுதி அமைக்கப்பெறுகிறது. அதனுள் இருக்கும் கெட்டியான மசகுப் பொருள் கையின் திடீர் அசைவைத் தடுத்து, இயக்கத்தை மென்மையாக்குகிறது.

தாங்கி எவ்வளவு கனமானதோ அவ்வளவு நல்லது எனப் பலர் கருதுவர். கால்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையே. தலைப்பகுதியைப் பொறுத்தவரை அவ்வாறு இல்லை. பெருங்கேமராவுக்கென அமைந்த தலையின் சமன்வில், சிறு கேமராவின் எடைக்கு மிஞ்சியதாதலின் கேமராவை மேல் நோக்கித் தள்ளும். எனவே கேமரா, மைக், மின்கலம், விளக்கு ஆகிய அனைத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, அவ்வெடை தாங்கியின் வரம்பிற்குள் நடுவே அமையுமாறு தெரிந்தெடுத்தல் முறையாகும். மேடு பள்ளமான தரையில் கால்களை மாற்றாமலே மட்டம் பார்க்க உதவும் கிண்ண அமைப்பு இருப்பின் நன்று. சிறு கேமராக்களுக்கு 75 மில்லிமீட்டர்க் கிண்ணம் பெரும்பாலும் போதுமானது. கூட்டத்தின் நடுவே நின்று தெருக்கூத்தைப் பதிவோர்க்கு ஒற்றைக்கால் தாங்கி துணைபுரியும்.

மின்கலம்

மின்கலத்தை அதன் உருவம் கண்டு மதிப்பிடலாகாது. அதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 7.2 வோல்ட்டும் 6,600 மில்லி ஆம்பியர் மணியும் உடைய மின்கலம் ஏறத்தாழ 47.5 வாட் மணி கொண்டது. கேமரா 6 வாட் உண்பதாயின் கணக்கின்படி எட்டு மணி நேரத்திற்குச் சற்றே குறைவாக அது உழைக்கும். திரையும், ஜூமும், மைக்கிற்குச் செல்லும் மின்சாரமும், கலத்தின் முதுமையும் சேர்ந்து இதனைக் குறைத்துவிடும். ஆதலின் நாள் முழுதும் வேண்டிய அளவைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் ஒரு கலம் வைத்துக்கொள்ளல் அறிவுடைமை. கலங்கள் பலவாயின் அவற்றை மின்னேற்ற, கேமராவைச் சாராத தனிச் சார்ஜரும் வேண்டும். விலை மலிவான போலிக் கலங்கள் சூடேறி உப்புவதுண்டு. அவற்றைத் தவிர்த்தல் பாதுகாப்பானது. வானூர்தியில் செல்வோர் உதிரி லித்தியம் கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லல் வேண்டும்.

நினைவக அட்டை

அட்டையைத் தெரிந்தெடுத்தலும் கணக்கைச் சார்ந்ததே. 24 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா நொடிக்கு 3 மெகாபைட் எழுதுகிறது. ஒரு மணி நேரத்திற்கு இது 10.8 கிகாபைட். எனவே 32 கிகாபைட் அட்டையில் மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகப் பதியலாம். அட்டையின்மேல் வட்டத்தினுள் 10 எனக் குறித்திருப்பின் அது நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்பது பொருள். மேற்கூறிய கேமராவுக்கு இது தாராளம். பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகமே அன்றி எழுதும் வேகம் அன்று. இதனை அறியாதார் மிகுதியாகப் பொருள் செலவிடுவர். இன்றைய கேமராக்கள் சில மிக்க வேகத்தில் பதிவனவாதலின் அவற்றுக்கு வி30 போன்ற குறியுடைய அட்டைகள் தேவைப்படும்.

பெரிய அட்டை ஒன்றினும் நடுத்தர அட்டைகள் இரண்டு மேலானவை. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும். கேமராவில் இரண்டு இடங்கள் இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும் வசதியும் இருப்பின் அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். புதிய அட்டையை ஒருமுறை முழுதும் நிரப்பிச் சோதித்தால் அது போலியா அன்றா என்பது விளங்கிவிடும். பதிந்தவற்றை இருவேறு வட்டுகளில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே அட்டையை அழித்தல் வேண்டும்.

விளக்கும் வில்லையும்

மங்கிய ஒளியில் சிறு கேமரா தடுமாறும் என்றோம். எல்.இ.டி. விளக்கு ஒன்று இக்குறையை நீக்கும். வாங்கும்போது அதன் நிறத்தரத்தைக் காட்டும் எண் 95 அல்லது அதற்கு மேல் உள்ளதா எனக் காண்க. சன்னல் வழியே வரும் பகலொளிக்கு 5,600 கெல்வின், படப்பிடிப்புக்கான டங்ஸ்டன் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு 3,200 கெல்வின் என்பன நிறவெப்ப அளவுகள். இரண்டிற்கும் மாற்றிக்கொள்ளத்தக்க விளக்கே பயனுடையது. கேமராவின் தலைமேல் வைத்த விளக்கு முதியோர் கண்ணைக் கூசச் செய்யும். விளக்கைப் பக்கவாட்டில் நிறுத்தி, வெண்துணியால் ஒளியை மென்மையாக்குதல் அவர்க்கும் இதம், படத்திற்கும் அழகு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலின், குழல்விளக்கு உள்ள அறையில் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு வைத்தால் படத்தில் ஒளி துடிப்பது நீங்கும். இதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை.

வில்லையின் முன் பொருத்துவன எவையாயினும் அதன் விட்டத்தை அறிந்தே வாங்குதல் வேண்டும், எக்ஸ்.ஏ.10 கேமராவுக்கு அது 58 மில்லிமீட்டர். வில்லையைக் கீறலினின்றும் காக்கும் தெளிந்த கண்ணாடி முதலில் வேண்டுவது. கடும் வெயிலில் ஒளியைக் குறைக்கும் என்.டி. வடிகட்டி சில கேமராக்களில் உள்ளேயே அமைந்திருக்கும். இல்லையேல் தனியே வாங்கலாம். சிற்றறையில் பலரை ஒருங்கே காட்ட அகலக்கோண வில்லை உதவும்.

வாங்கும் வரிசை

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், செய்யும் செயலோடு அதற்குரிய இடம், காலம், பொருள், கருவி ஆகியவற்றையும் ஐயமற எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். இவ்வறிவுரை இங்கும் பொருந்துகிறது. பதியப்போவது பாட்டா, கூத்தா, உரையா? இடம் அறையா, வெளியா? எத்துணை நேரம்? கையிலுள்ள பொருள் எவ்வளவு? இவற்றுக்கு விடை கண்டபின் கருவி தானே புலப்படும்.

பொருள் குறைவாயின், முதலில் மைக்கும் ஹெட்ஃபோனும், அடுத்துத் தாங்கி, பின்னர் உதிரி மின்கலமும் அட்டைகளும், இறுதியில் விளக்கும் வில்லைகளும் என்னும் வரிசை கள ஆய்வுக்குப் பொருந்தும். கேமராவுக்கே பணம் முழுதையும் செலவிட்டுத் துணைக்கருவிக்கு ஒன்றும் எஞ்சாதிருப்பதினும், சற்று எளிய கேமராவை வாங்கி நல்ல மைக்கும் தாங்கியும் சேர்த்தல் சிறந்தது. மற்றொரு காரணமும் உண்டு. கேமராக்கள் சில ஆண்டுகளில் பழமைப்பட்டுப் போகின்றன. நாடாவில் பதிந்த எச்.டி.வி. கேமராக்கள் இன்று வழக்கொழிந்தன. ஆனால் அக்காலத்தில் வாங்கிய நல்ல தாங்கியும் எக்ஸ்.எல்.ஆர். மைக்கும் இன்றைய கேமராவோடும் இணைந்து உழைக்கின்றன. ஆதலின் இவற்றிற்கு இடும் பணம் நெடுநாள் பயன் தருவதாகும்.

முடிவுரை

சிறு கேமராவின் குறைகளை உணர்ந்து, அவற்றை நீக்கும் துணைகளை வேண்டும் அளவில் மட்டும் தேர்ந்துகொள்வதே இக்கட்டுரையால் பெறப்படும் முடிவு. கருவி பழுதுற்றால் மற்றொன்றை வாங்கலாம். எண்பது வயது மூதாட்டி ஒருவர் தம் நினைவிலிருந்து பாடும் பாட்டை, அவர் மறைவிற்குப் பின் எக்கடையிலும் வாங்க இயலாது. மின்கலம் தீர்ந்தது என்றோ, ஒலி பதியவில்லை என்றோ கூறி மீண்டும் அவர் வாயிலில் நிற்கும் வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. ஆகவே மாணவர்கள் களத்திற்குப் புறப்படும் முன்னரே கருவிகளைத் தேர்ந்து, சோதித்து, செம்மை செய்து கொள்வாராக. செவ்வையாகப் பதியப்பெற்ற ஒரு மணி நேரக் குரல், வருங்காலத் தலைமுறைக்கு நாம் வைத்துச் செல்லும் நற்செல்வமாகும்.