காய்ச்சல் தணிந்தது, குழந்தை விழித்ததா?

“இரண்டு நாளாக அனலாய்க் கொதித்தது, இன்று உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை அயர்ந்து தூங்குகிறது” என்று ஆறுதலோடு கூறும் பெற்றோர் பலர். பெரும்பாலும் அது இயல்பான உறக்கமே. மலேரியா கண்ட குழந்தையிடமோ, அது நினைவிழப்பின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும் தன்மையது. ஆகவே உடற்சூட்டை மட்டும் கொண்டு நோயின் கடுமையை அளவிட இயலாது.

சென்னை போன்ற நகரங்களில் மிகுதியாகக் காணப்படுவது வைவாக்ஸ் வகை மலேரியா. உயிருக்குப் பேராபத்து விளைவிப்பது பெரும்பாலும் பால்சிபாரம் வகை. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாநிலங்களிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் அது பரவலாக உள்ளது. கொசு கடித்தபின் பொதுவாக 7 முதல் 30 நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். இக்கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஒட்டிக்கொண்டு, மூளை முதலிய உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுக்கின்றன. சிறு குழந்தைகளிடம் ஓரிரு நாட்களிலேயே நோய் முற்றிவிடலாம்.

உடனே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டிய அறிகுறிகள்

- எழுப்பினாலும் சரிவர விழிக்காமை, உட்கார இயலாத சோர்வு
- வலிப்பு
- பால் குடிக்காமை, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல்
- வேகமான, ஆழ்ந்த மூச்சு
- உள்ளங்கையும் கண்ணின் கீழிமை உட்புறமும் வெளுத்தல்
- கண் மஞ்சளாதல். சிறுநீர் குறைதல் அல்லது கருத்துப்போதல்

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும், இரவாயினும், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும், வாயில் கரண்டி வைப்பதாலும், தண்ணீர் புகட்டுவதாலும் பயனில்லை, தீங்கே நேரலாம்.

அண்மையில் வெளியூர் சென்று வந்திருந்தால், நாங்கள் கேட்கும்முன்னரே அதைக் கூறுங்கள். துரிதப் பரிசோதனையின் முடிவு ஏறத்தாழ 20 நிமிடங்களில் தெரியும். முதல் பரிசோதனையில் கிருமி தென்படாவிடினும், காய்ச்சல் நீடித்தால் மீண்டும் இரத்தம் எடுப்போம், அதற்குத் தயங்காதீர்கள். பாராசிட்டமால் சூட்டைத் தணிக்குமேயன்றிக் கிருமியை அழிக்காது. கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்து உண்டு. அது எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ, அவ்வளவு நன்று.

வீடு திரும்பியபின், காய்ச்சல் நின்றுவிட்டதென்று மாத்திரைகளை இடையில் நிறுத்தாதீர்கள். மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் கொசு புகாதவாறு மூடி வையுங்கள். குழந்தையைக் கொசுவலைக்குள் உறங்கச் செய்யுங்கள்.

குழந்தையின் இயல்பை உங்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். “என் பிள்ளை வழக்கம்போல் இல்லை” என்று நீங்கள் கூறினால், அதையும் ஓர் அறிகுறியாகவே நாங்கள் கருதுகிறோம்.