ஓநாய்க்கே தெரியாத ஆல்ஃபா

‘அடலசன்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடரில் ஒரு காட்சி. பள்ளி மாணவி ஒருத்தியின் கொலையை விசாரிக்கும் அதிகாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன் அப்பாவைத் தனியாக உட்கார வைத்து, இந்த எமோஜிக்கு இது அர்த்தம், சிவப்பு மாத்திரை என்றால் இது, 80-க்கு 20 என்றால் இது என்று இணையத்து ஆண்கள் உலகின் சங்கேத மொழியைப் பாடம் எடுக்கிறான். 2025 மார்ச்சில் தொடர் வெளியானபின், பிரிட்டனில் அதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். அப்பாக்களைக் கூட்டிவைத்துப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நம் ஊர் ரீல்ஸிலும் ஆல்ஃபா (கூட்டத்தின் தலைவன்), சிக்மா (யாரையும் சாராத தனியன்), சிம்ப் (பெண்களிடம் குழைபவன்) எல்லாம் சரளமாகிவிட்டன. ஹீரோ கதாநாயகியை அலட்சியப்படுத்தும் ஏதாவது ஒரு காட்சியை வெட்டி, அடியில் ‘சிக்மா’ என்று போட்டால் ரீல் தயார். இதைப் பெண் வெறுப்பு என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பெண்ணை அடக்கும் வித்தை கற்றுத் தருகிறோம் என்று இணைய குருக்கள் பையனைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனதும் அவன் அடங்க வேண்டியிருப்பது மற்ற ஆண்களுக்கு.

ஆல்ஃபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்தின் பேசல் மிருகக்காட்சி சாலையில் ஒரே அடைப்பில் விடப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ஆய்வாளர் ஒருவர், அவற்றின் சண்டைகளை வைத்து 1947-ல் எழுதிய கட்டுரையில் பிறந்த கதை அது. 1970-ல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு தங்கிப் பார்த்தார். அங்கே பட்டம் சூட்டிக்கொண்ட தளபதி யாரும் இல்லை. அப்பா, அம்மா, குட்டிகள். கூட்டம் என்று நாம் சொல்வது ஒரு குடும்பம். முன்னால் நடப்பவர்கள் பெற்றோர். 1999-ல் இதை எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தை நச்சரித்து, 2022-ல்தான் நிறுத்த முடிந்தது. பரப்பியவரே வாபஸ் வாங்கிய கருத்தை வைத்துக்கொண்டு, ஒரு பதினாறு வயதுப் பையன் தான் ஆல்ஃபாவா, அவனுக்கு அடங்கிப்போகும் பீட்டாவா என்று ராத்தூக்கம் கெடுகிறான்.

80-க்கு 20 கதையும் இதே லட்சணம்தான். எண்பது சதவீதப் பெண்கள் இருபது சதவீத ஆண்களையே விரும்புகிறார்கள் என்பது சூத்திரம். இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, அமெரிக்க டேட்டிங் தளம் ஒன்று 2009-ல் வெளியிட்ட அலசல். எண்பது சதவீத ஆண்களின் தோற்றத்துக்குப் பெண்கள் சராசரிக்கும் குறைவான மதிப்பெண்தான் போட்டார்கள் என்று அதில் இருந்தது நிஜம். அப்படிக் குறைத்து மதிப்பிட்ட ஆண்களுக்கும் அந்தப் பெண்கள் செய்தி அனுப்பினார்கள் என்பதும் அதே அலசலில் இருந்தது. நியாயமாக மதிப்பெண் போட்ட ஆண்கள், செய்தி அனுப்பும்போது அழகிகள் பக்கமே குவிந்தார்கள் என்பதும் இருந்தது. இந்தப் பாதியை எந்தக் குருவும் சொல்வதில்லை.

என்னைக் கலங்க வைப்பது இதன் அடுத்த கட்டம். பெண்ணைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, பையன் கண்ணாடி முன் வந்து நிற்கும் கட்டம். லுக்ஸ்மேக்ஸிங் என்கிறார்கள். கண்ணின் வெளிமுனை உள்முனையைவிட எத்தனை டிகிரி மேலே இருக்கிறது, தாடை எத்தனை கோணம், நெற்றி எவ்வளவு அகலம் என்று அளக்கிறார்கள். முகத்தைப் படம் எடுத்துப் போட்டு, முன்பின் தெரியாத ஆண்களிடம் மதிப்பெண் கேட்கிறார்கள். ‘உனக்கு வாய்ப்பே இல்லை’ என்று பதில் வருகிறது. பெண் பார்க்கும் சடங்கில் காலங்காலமாகப் பெண்களுக்கு நாம் செய்ததை, பையன்கள் இப்போது விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை வடிவம் பெறும் என்பது மியூயிங்; ஆதாரமில்லை என்கிறார்கள் பல் சீரமைப்பு மருத்துவர்கள். சுத்தியலால் கன்ன எலும்பைத் தட்டினால் அது தடித்து வளரும் என்பது போன் ஸ்மாஷிங். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் மருத்துவர் சொன்னதை இதற்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். சுத்தியலடி சுமை ஆகாது, காயம்தான் ஆகும். உயரம் போதவில்லை என்று கால் எலும்பை வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக நீட்டும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியில் கல்லாப்பெட்டி. பெயர்பெற்ற ஓர் ஆண்மைக் குருவின் படிப்புக்கு 2022-ல் மாதம் ஐம்பது டாலர் கட்டணம் வாங்கினார்கள். சேர்ந்த பையன்களே குருவின் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பி ஆள் பிடித்தால் கமிஷன் கொடுத்தார்கள். ஆல்ஃபா ஆக வந்தவனுக்குக் கிடைத்த வேலை, சம்பளமில்லாத விளம்பர ஏஜென்ட்.

ஆண்களுக்கு நிஜமான குறைகளே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உண்டுதான், இந்தியாவில் தற்கொலை செய்துகொள்ளும் பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள். அந்த வலியைப் பேச ஓர் இடம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அப்படி ஓர் இடமாகத்தான் ‘இன்செல்’ என்பதும் தொடங்கியது. 1997-ல் கனடாவில் கல்லூரி மாணவி ஒருவர், துணை கிடைக்காத ஆண்கள், பெண்கள் எல்லாரும் மனம்விட்டுப் பேச ஆரம்பித்த இணையதளம் அது. அவர் விலகிய பிறகு அது யார் கைக்குப் போனது என்பது தெரிந்த கதை. 2018-ல் டொரண்டோவில் நடைபாதையில் வேனை ஏற்றியவன் தன்னை இன்செல் என்று சொல்லிக்கொண்டான். 11 உயிர்கள் போயின.

வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் பையன் இருந்தால், பெண்களைப் பற்றி அவன் என்ன பேசுகிறான் என்பதோடு நின்றுவிடாதீர்கள். தாடையை அளக்கிறானா, முகத்தைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்புகிறானா, எதற்காவது மாதச் சந்தா கட்டுகிறானா என்றும் பாருங்கள். போனைப் பிடுங்க வேண்டாம். உனக்கு மதிப்பெண் போட்டவர் யார் என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.