நாற்பத்தெட்டுக் குருளைகளுக்குப் பதினாறு பேர்

கர்நாடகத்தில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மூடும் பள்ளிகள் மறுபடி திறக்க மே மாதக் கடைசி ஆகிவிடும். பெங்களூரின் ஈஜிபுராவில் இந்த ஏழு வாரத்தைத் தள்ளுவது பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் பெரும்பாடு. கோரமங்கலா அடுக்ககங்களுக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும் ஆட்டோ எடுக்கும் அப்பாவும் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஒற்றை அறை வீடு. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. மிச்சமிருப்பது செல்போன்தான்.

இப்படிப்பட்ட பகுதியில் ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கி, சின்னப் பிள்ளைகளுக்குச் சாரணர் பகல்நேர முகாம் நடத்தலாம். காலையில் வந்து மதியம் வீடு திரும்பும் முகாம். கூடாரம், இராத்தங்கல் எதுவும் கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் இது கற்றுத் தேற வேண்டிய ஒரு கைத்தொழில். முகாம் என்றதும் கொடி, கயிறு, பாட்டு, கைதட்டல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை ஒரு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள பத்து நிமிடத்தைச் சமாளிப்பதில்தான் தொழிலே இருக்கிறது. பிள்ளை காணாமல் போவது, விழுந்து முட்டி சிராய்ப்பது, சண்டை, அழுகை, தண்ணீர் குடிக்க மறப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கின்றன.

கொஞ்சம் பின்னே போய் வரலாம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ராபர்ட் பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். எல்லாரையும் ஒரே கும்பலாக மேய்க்காமல் காளை, ஓநாய், அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்ப்பறவை எனப் பெயரிட்டு நான்கு அணியாகப் பிரித்தார். அணிக்கொரு நிறத்தில் கம்பளி நூல் முடிச்சு தோளில் தொங்கியது. அணித்தலைவன் ஒரு பையன்; பெரியவர்கள் அவனிடம் பேசினால் போதும். அவருடைய ஒன்பது வயது அண்ணன் மகன் டொனால்டும் அங்கே இருந்தான். அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று குருளையர் என்ற தனிப் பிரிவு வர இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. 1916இல் குருளையர் கையேடு வந்தபோது, கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ கதையை அதன் சட்டகமாக வைத்துக்கொண்டார்கள். நடத்துபவர் அகேலா, உதவியாளர்கள் பாலு, பகீரா. மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காட்டில் நடக்கும் கதை இங்கிலாந்து போய் விளையாட்டாக மாறித் திரும்பி வந்தது.

இந்தியாவில் இந்த இயக்கம் கால் வைத்ததே பெங்களூரில்தான். 1909இல் கேப்டன் பேக்கர் என்பவர் பிஷப் காட்டன் பள்ளியில் முதல் படையைத் தொடங்கினார். ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். அந்தப் படைகளில் இந்தியப் பையன்களுக்கு அப்போது இடமில்லை. அதனால் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்காகத் தனிச் சங்கமே தொடங்கினார். இப்படிப் பிரிந்து கிடந்தவை சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் என்று ஒன்றாயின. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தனர். இதில் ஐந்திலிருந்து பத்து வயதுவரை பையன்கள் குருளையர், பெண் பிள்ளைகள் நீலப்பறவையர். பெங்களூரில் எல்லாரும் கப், புல்புல் என்றுதான் சொல்கிறார்கள்.

இனிக் கணக்கு. பேக் எனப்படும் குருளையர் குழு ஒன்றில் 24 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆறு ஆறு பேராகப் பிரித்தால் நான்கு சிக்ஸ். ஒவ்வொரு சிக்ஸுக்கும் ஒரு நிறம், தலைவனாக ஒரு சிக்ஸர், அவனுக்குத் துணையாக ஒரு செகண்ட். முகாமுக்கு 48 பிள்ளைகள் வருவதாக வைத்துக்கொள்வோம். எட்டு சிக்ஸ். மைதானத்தில் நான்கு இடங்களில் நான்கு வேலை. ஓரிடத்தில் ஒரே சமயம் இரண்டு சிக்ஸ், அரை மணி நேரம். மணி அடித்ததும் எல்லாரும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்? பிரிட்டிஷ் சாரணர் சங்கத்தின் விதிப்படி, கூடும் இடத்தை விட்டு வெளியே போனால் எட்டுக் குருளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் பொறுப்பாளர் ஒருவர். அந்தக் கணக்கில் 48 பேருக்கு ஏழு பேர் போதும். தாளில் போதும், வெயிலில் போதாது. நான்கு இடத்துக்கும் நான்கு ஆசிரியர்கள். அவர்கள் தங்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்த அணி வருவதற்குள் கயிறுகளைச் சீராக்கி வைக்க வேண்டும். அப்படியானால் பிள்ளைகளோடு நடப்பது யார்? சிக்ஸுக்கு ஒருவர், ஆக எட்டுப் பேர். இவர்கள் காலை முதல் மதியம்வரை தங்கள் ஆறு பேரை விட்டுப் பிரியவே கூடாது. கல்லூரியில் படிக்கும் திரிசாரணர், திரிசாரணியர் இந்த வேலைக்குக் கச்சிதமானவர்கள். முதலுதவிக்கு ஒருவர், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் ஒருவர், வாசலில் பதிவேட்டோடு ஒருவர். பதினைந்து ஆகிவிட்டது.

பதினாறாவது ஆள் அகேலா. அவருக்கு எந்த வேலையும் தரக் கூடாது. புது முகாம்களில் முதலில் தவறுவது இதில்தான். ஆள் குறைகிறதே என்று தலைமை ஏற்பவரையே பாட்டு வகுப்புக்கும் போடுவார்கள். பத்தரை மணிக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், முடிவெடுக்க வேண்டியவர் நாற்பது பேர் நடுவே கைதட்டிக்கொண்டிருப்பார். சும்மா நிற்கும் ஒருவர் இருந்தால்தான் முகாம் ஓடும்.

இப்போது அந்தப் பத்து நிமிடம். மணி அடிக்கிறது. சிக்ஸோடு நடப்பவர் முதலில் எண்ண வேண்டும். தலையை எண்ணுவதைவிடப் பிள்ளைகளையே எண்ணச் சொல்வது நல்லது. ஒவ்வொருவருக்கும் காலையிலேயே ஓர் எண் கொடுத்துவிட்டால், வராத குரல் எதுவென்று உடனே தெரிந்துவிடும். ஈஜிபுராவில் இந்த எண்ணிக்கையே ஒரு வேடிக்கை. ஒன்று தமிழில், இரண்டு கன்னடத்தில், மூன்று உருதுவில், நான்கு தெலுங்கில் வரும். திருத்த வேண்டியதில்லை, ஆறு வந்தால் சரி. பிறகு தண்ணீர். பிறகு கழிப்பறை, தனியாக அனுப்பக் கூடாது, ஜோடியாகத்தான். பிறகு நடை. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி எண்ணிக்கை. இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், யாரும் கத்தாமல். இரண்டாம் நாளே பிள்ளைகள் இதைப் பழகிவிடுகிறார்கள். எட்டு வயது சிக்ஸர் தன் ஆறு பேரைத் தானே எண்ணி, “அக்கா, ரெண்டு பேர் குறையறாங்க, டாய்லெட்ல இருக்காங்க” என்று சொல்ல ஆரம்பித்தால், கூட நடக்கும் அக்காவுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். பிரவுன்சீயில் நான்கு அணி பிரித்ததன் பலன் இதுதான்.

எல்லாரையும் ஒன்றாகக் கூட்டக் குருளையருக்கென்று ஒரு சடங்கு உண்டு. வட்டமாகக் குந்தி, இரு கை விரல்களையும் பாதங்களுக்கு நடுவே தரையில் ஊன்றி, நடுவில் நிற்கும் அகேலாவைப் பார்த்து ஓநாய்க் குட்டிகளாக ஊளையிடுவது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் 48 பிள்ளைகளை அரை நிமிடத்தில் ஒரே வட்டத்தில் உட்காரவைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. மைக் வைத்து “சைலன்ஸ்” என்று அலறும் முகாம்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நான்கு இடங்களில் என்ன செய்வது? இரண்டைச் சொல்கிறேன். ஒன்று முடிச்சு. குருளைகள் முதலில் கற்கும் ரீஃப் முடிச்சில் இடது நுனி வலதின்மேல், அப்புறம் வலது நுனி இடதின்மேல். இரண்டாம் முறையும் இடதே மேலே போனால் அது பாட்டி முடிச்சு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இழுத்தால் வழுக்கும். இரண்டு நிறக் கயிறு கொடுத்தால் பிழை எங்கே என்று பிள்ளைக்கே தெரியும். ரீஃப் முடிச்சில் இரு நுனியும் தன் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். பாட்டி முடிச்சில் குறுக்கே துருத்தி நிற்கும். ஏன் ஒன்று பிடிக்கிறது, ஒன்று வழுக்குகிறது? நூற்றாண்டுகளாகக் கைக்குத் தெரிந்த இதற்கு 2020இல்தான் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணிதத்தோடு விளக்கம் எழுதினார்கள். இழுவிசை ஏறினால் நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு விசை என்று பார்த்தார்கள். ரீஃப் முடிச்சில் இழைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டு பூட்டிக்கொள்கின்றன. பாட்டி முடிச்சில் ஒரே திசையில் உருள்வதால் நழுவுகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்ல வேண்டாம். “ரெண்டையும் இழுத்துப் பாரு” என்றால் போதும்.

மற்றது கிம் விளையாட்டு. ஒரு துணியில் 24 பொருள் பரப்பி, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு மூடிவிட வேண்டும். நினைவிலிருந்து சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய பொருள் எதுவும் வேண்டாம். புளியங்கொட்டை, உடைந்த வளையல், பி.எம்.டி.சி. டிக்கெட், புங்க இலை, சோடா மூடி, தையல் மிஷின் பாபின் என்று தெருவில் கிடைப்பதே போதும். சிக்ஸாகச் சேர்ந்து சொன்னால், தனித்தனியாகப் பத்துப் பன்னிரண்டோடு நிற்கிறவர்கள் இருபதைத் தாண்டுவதைக் காணலாம்.

பெங்களூர் வெயிலை அசட்டை செய்யும் காலம் போய்விட்டது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024 ஏப்ரல் கடைசியில் 38.5. சின்னப் பிள்ளைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். வியர்வை பெரியவர்களைவிடக் குறைவு. சுற்றிலும் சூடு கூடினால் அவர்கள் உடல் நம்மைவிட விரைவில் சூடேறும். தாகம் எடுத்தால் குடிப்பார்கள் என்று விடக் கூடாது. அதனால்தான் மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர். பதினொரு மணிக்கு நீர்மோர். ராமநவமி நாளில் தெருவெங்கும் பானகமும் மோரும் கொடுக்கும் ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சோர்ந்த பிள்ளைக்குக் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. அளவு தெரியாதவர் கலக்கக் கூடாது.

ஓடி ஆடும் விளையாட்டை முதல் சுற்றுகளில் முடித்துவிட்டு, பதினொன்றுக்கு மேல் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற வேண்டும். ஒன்பதுக்குக் கொடியேற்றி, பன்னிரண்டரைக்குச் சித்ரான்னமோ உப்பிட்டோ சாப்பிட்டு, ஒரு மணிக்கு அனுப்பிவிட்டால் உச்சி வெயிலும் தப்பும், பிற்பகல் இடிமழையும் தப்பும். ஏப்ரல், மே மாதங்களில் மாங்காய் மழை சொல்லாமல் வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது வினாடிக்குள் என்றால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே எல்லாரும் கட்டடத்துக்குள், மரத்தடி கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வரலாம்.

ஆள் சேர்க்கும்போது அன்பானவர், பிள்ளைகளைப் பிடிக்கும் என்பதெல்லாம் தகுதி ஆகாது. இயக்கத்தில் அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, அதற்கு மேல் ஹிமாலயன் வுட் பேட்ஜ் என்று படிகள் உண்டு. கழுத்தில் தொங்கும் இரண்டு மரமணிகள் அந்தக் கடைசிப் படியின் அடையாளம், 1919இல் லண்டன் அருகே கில்வெல் பூங்காவில் தொடங்கிய வழக்கம். எல்லாரிடமும் அது இருக்க வேண்டியதில்லை, அகேலாவிடம் பயிற்சி இருக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்று: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது. யாரையும் சந்தேகப்பட்டு வைத்த விதி அல்ல. யாருக்கும் விலக்குத் தராத விதி. பாலியல் அத்துமீறல் தெரிய வந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். முகாமுக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

நாளின் கடைசி இடைவெளி மதியம் ஒரு மணி. கூட்டம் வாசலில் நெருக்கும், எல்லாருக்கும் அவசரம். யார் வந்து அழைத்துப் போவார் என்று சேர்க்கையின்போதே இரண்டு பெயர் வாங்கி வைத்திருந்தால் சண்டை வராது. மூன்றாமவர் வந்தால், பக்கத்து வீட்டு மாமாவே ஆனாலும், போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பிள்ளை கை மாறும். 2017இல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாக நின்ற ஈஜிபுரா மேம்பாலத்தை அறிந்த ஊர் இது. கட்டுமானத்துக்கும் வண்டிகளுக்கும் நடுவே எந்தப் பிள்ளையையும் தனியாகச் சாலை கடக்க விடக் கூடாது.

இந்தக் கோடையில் பிள்ளையை ஏதாவதொரு முகாமில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், என்னென்ன கற்றுத் தருவீர்கள் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளையோடு நாள் முழுக்க நடப்பது யார்? தலைமை ஏற்பவருக்கு அன்று வேறு என்ன வேலை? மதியம் பிள்ளையை யார் கையில் கொடுப்பீர்கள்? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் பணத்தைக் கட்டுங்கள். உங்கள் வீட்டில் பரீட்சை முடித்த கல்லூரிப் பிள்ளை சும்மா இருந்தால், பேலஸ் ரோட்டில் உள்ள பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் மாநிலத் தலைமையகத்துக்கு அனுப்பிவையுங்கள். சிக்ஸோடு நடக்க ஆள் எப்போதுமே குறைவுதான்.